இடுப்பில் மறைத்து வைத்தால் அது வேல் ஆகுமா?

ஓம் சரவணபவ. 

போன சஷ்டி அன்று நம்ம குழுவில் ஒரு தம்பி படம் ஒன்று போட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார். படத்தில் கறுப்பாக, குட்டையாக ஒரு கைத்துப்பாக்கி. .45 காலிபர், காம்பேக்ட் மாடல். சட்டைக்குள் இருந்தால் வெளியே தெரியாது. கேள்வி இதுதான்: "அண்ணா, நம்ம சாமி கையிலயே ஆயுதம் இருக்கு. அப்ப நான் லைசன்ஸ் எடுத்து இதுல ஒண்ணு வாங்கி இடுப்புல வெச்சுக்கிட்டா முருகன் கோவிச்சுக்குவாரா?"

பாதிப் பேர் நெருப்பு எமோஜி போட்டார்கள். மீதிப் பேர் "அஹிம்சை" என்று ஒத்தை வார்த்தை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ரெண்டுமே பதில் இல்லை. எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுதுவதற்கு ஒரு மாசம் ஆகிவிட்டது.

அந்தத் தம்பி கெத்துக்காகக் கேட்கவில்லை. தனியாகப் பேசினபோது சொன்னார், அவருடைய அப்புச்சியும் அம்மாயியும் பல்லடம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார்கள். (வெளியூர் உறவுகளுக்கு: சாளை என்றால் தோட்டத்துக்குள்ளேயே கட்டின வீடு. பக்கத்து வீடு என்பது தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கும்.) பல்லடம் என்றதுமே எங்க ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் வயதான அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் ஒரே ராத்திரியில் கொல்லப்பட்டார்கள். ஆறு மாசம்கூட ஆகவில்லை. 2025 மே மாதம் பிறந்ததும் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு வயதான தம்பதி கொலையான செய்தி வந்தது. அதுக்கப்புறம் டீக்கடை, கல்யாண வீடு, எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்: "நாய் போதாதுங்க, துப்பாக்கி வேணுமுங்க."

என் மாமாவும் அத்தையும் செட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி சாளையில்தான் இருக்கிறார்கள். போத்தனூரில் என் வீட்டிலிருந்து பைக்கில் இருபது நிமிஷம். சிவகிரி செய்தி வந்த வாரம் முழுக்க அத்தை எட்டு மணிக்கே கதவைப் பூட்டிவிட்டு, போனை நெஞ்சு மேல் வைத்துக்கொண்டு படுத்தார். நாய் குரைத்தால் எழுந்து பார்க்கப் பயம். குரைக்காவிட்டால் நாய்க்கு என்ன ஆச்சோ என்று பயம். இப்படிப் பயந்து கிடக்கிறவர்களுக்கு "முருகன் இருக்கான், கவலைப்படாதே" என்று ஒரு ஃபார்வர்டு தட்டிவிட்டுப் போவதை நான் பக்தி என்று சொல்ல மாட்டேன். அது சோம்பேறித்தனம். அதனால் அந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சட்டம். தம்பி படம் போட்ட .45 நம்ம நாட்டில் சாதாரண ஆளுக்குக் கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் தடை செய்யப்பட்ட ரகம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 9 எம்.எம்., .45 தோட்டா போடக்கூடிய பிஸ்டல்கள் அதில் வருகின்றன. லைசன்ஸ் இல்லாமல் அப்படி ஒன்று கையில் இருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், 14 வருஷம் வரை உள்ளே. "எனக்கு ஆள் தெரியும், வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அந்த நம்பரை பிளாக் பண்ணுங்க.

சட்டப்படி பெரும்பாலும் கிடைப்பது .32. கான்பூரில் இருக்கிற அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014-ல் 'நிர்பீக்' என்று அரைக் கிலோ எடையில் ஒரு .32 ரிவால்வர் கொண்டுவந்தது. டெல்லி பஸ் கொடுமையில் இறந்துபோன பெண்ணுக்கு வைத்த 'நிர்பயா' என்ற பெயரை ஒட்டி வைத்த பெயர். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். விலை கிட்டத்தட்ட 1.22 லட்சம் ரூபாய். ராத்திரி பஸ்ஸில் பயந்து பயந்து வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு அந்தக் காசு எங்கிருந்து வரும் என்று யோசித்தார்களோ என்னமோ.

லைசன்ஸுக்கு 21 வயசு ஆகியிருக்க வேண்டும். கோவை மாநகரத்துக்குள் போலீஸ் கமிஷனர், வெளியே கலெக்டர். இங்கே ஒரு விஷயம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள நீளத் துப்பாக்கியைத் தற்காப்புக்கோ பயிர்க்காவலுக்கோ ஒரு குடிமகன் கேட்டால், தகுதி இருந்தால் கொடுக்கலாம் என்கிற பக்கம் சட்டம் சாய்கிறது. பிஸ்டல், ரிவால்வர் என்று வந்தால் மட்டும் "நல்ல காரணம் என்ன? எனக்குத் திருப்தியாகச் சொல்லு" என்கிறது. மறைக்க முடியாததைக் கேட்டால் ஒரு முகம், மறைக்கக் கூடியதைக் கேட்டால் வேறு முகம்.

இன்னொன்றும் இருக்கிறது, நம்ம ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. லைசன்ஸ் முறையாக இருந்தாலும், தனி அனுமதி இல்லாமல் திருவிழாவுக்கோ சமய ஊர்வலத்துக்கோ பொதுக்கூட்டத்துக்கோ துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணக் கூட்டத்தில் வேல் போகலாம், காவடி போகலாம், இடுப்பில் பிஸ்டல் போகக் கூடாது. கூட்டம் இல்லாத மற்ற பொது இடத்துக்குக் கொண்டுபோனால் உறையில் போட்டு, முழுசாக மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்பது 2016 விதி. தேர்தல் அறிவித்துவிட்டால் அநேகமாக எல்லோரும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எங்க அப்புச்சி ஒத்தைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார், காட்டுப்பன்னிக்காக. "எனக்கு ஓட்டு, இதுக்கு ரெஸ்ட்டு" என்று சொல்லிக்கொண்டே சாக்கில் சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போவாராம். அவர் போனதுக்கப்புறம் வீட்டில் யாரும் அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் தம்பி கேட்டது சட்டம் இல்லை. சட்டம் அனுமதித்தாலும் மனசு அனுமதிக்குமா என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஒருத்தர் எங்க குடும்பத்திலேயே இருக்கிறார். அதே மாமாவுடைய பையன், என் மச்சான். அமெரிக்காவில் டெக்சாஸ், ஹூஸ்டன் பக்கம். குடியுரிமை வாங்கி வருஷம் ஆச்சு. அந்த மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல் 21 வயசு நிரம்பினவர், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லாதவர் என்றால், தனி பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம். மச்சான் வைத்திருப்பது கிளாக் 30. தம்பி படத்தில் போட்ட அதே ஜாதி: .45, காம்பேக்ட், பத்துத் தோட்டா, நிறைத்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ.

வீடியோ காலில் ஒரு ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம். சினிமாவில் பார்க்கிற மாதிரி இல்லை என்றார். பெரிய தோட்டா, சின்னத் துப்பாக்கி என்பதே ஒத்துப்போகாத ஜோடியாம். .45 குண்டு ஒன்று வழக்கமாகப் பதினைந்து கிராம். அதைத் தள்ளிவிடுகிற வேகத்துக்குத் துப்பாக்கி திருப்பி உதைக்கும். துப்பாக்கி கனமாக இருந்தால் உதையில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். லேசாக, குட்டையாக இருந்தால் மணிக்கட்டுதான் வாங்கணும். குழல் குட்டை என்பதால் குறி பார்க்கிற முன் முனைக்கும் பின் முனைக்கும் நடுவில் இடைவெளியும் கம்மி. கை ஒரு நூல் அசைந்தால் ஏழு கஜத்துக்கு அந்தப் பக்கம் குண்டு ஒரு சாண் தள்ளிப் போகிறது. "மாசத்துக்கு ரெண்டு தடவை ரேஞ்சுக்குப் போறேன் மச்சா. மூணு மாசம் விட்டா கை மறந்துடுது. வாங்கி வெச்சுட்டு ஒருநாளும் சுடாதவன்தான் ரொம்ப ஆபத்தானவன்." எனக்கு இதில் கொஞ்சம் புரியும். காலேஜில் என்.சி.சி.யில் .22 ரைபிளில் சுட்டிருக்கிறேன். தரையில் படுத்து, மூச்சை நிறுத்தி, அசையாத அட்டையைச் சுடுவதற்கே முதல் நாள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"எதுக்கு அவ்வளவு பெரிய தோட்டா?" என்று கேட்டேன். நூத்தி இருபது வருஷத்துக்கு முந்திய கதை ஒன்று சொன்னார். பிலிப்பைன்ஸில் சண்டை போட்ட அமெரிக்க ராணுவம், கையிலிருந்த .38 ரிவால்வர் பாய்ந்து வருகிற ஆளை நிறுத்தவில்லை என்று குறைப்பட்டது. அதுக்கப்புறம்தான் ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை 1911-ல் எடுத்துக்கொண்டார்கள். ஆக அந்த அளவுக்குப் பின்னால் இருக்கிற யோசனையே, வருகிறவன் மேற்கொண்டு ஓர் அடி வைக்கக் கூடாது என்பதுதான்.

மச்சான் பக்திமான். கிருத்திகை விரதம் விடுவதில்லை. கோயிலுக்குப் போகும்போது என்ன செய்வீங்க என்றேன். கொஞ்சம் சிரித்தார். "காருக்குள்ள ஒரு சின்னப் பெட்டி போட்டிருக்கேன். அதுல பூட்டிட்டுத்தான் உள்ள போவேன். கோயில்ல போர்டு இல்லேன்னா சட்டம் தடுக்கல. ஆனா ஒருநாள் மறந்து இடுப்போட போயிட்டேன். கீழ விழுந்து கும்பிடறப்ப விலாவுல குத்துச்சு மச்சா. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்."

இதை அவர் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேற பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் ரொம்ப நாள் மண்டைக்குள் ஓடியது.

இப்போ வேலுக்கு வருவோம். "சாமி ஆயுதம் வெச்சிருக்காரே" என்கிற வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் அஹிம்சைக் கதை இல்லை. தாரகன் செத்தான், சிங்கமுகன் செத்தான், சூரனுடைய பிள்ளைகள் செத்தார்கள். தன்னை நம்பினவர்களைக் காப்பாற்ற நம்ம சாமி போருக்கே போனவர். அதனால் "முருக பக்தன் திருப்பி அடிக்கவே கூடாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாட்டுச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை தெளிவாக இருக்கிறது. சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் வீடு புகுந்து திருட வருகிறவன் விஷயத்தில், தேவைக்கு மேல் போகாத வரை, உயிர் போகும் அளவுக்கு எதிர்த்தாலும் அது குற்றம் ஆகாது. சேமலைக்கவுண்டம்பாளையத்தில் அந்த ராத்திரி யாராவது ஒருத்தர் எதிர்த்து நின்று பிழைத்திருந்தால் நாம் யாராவது அவரைப் பாவி என்போமா?

ஆனால் அந்த வேலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. ஆள் உயரம், அதுக்கும் மேலே. வேட்டிக்குள் ஒளிக்க முடியாது! தூரத்தில் வரும்போதே தெரியும். போருக்கு முந்தி வீரபாகுவைத் தூது அனுப்புகிறார். "சிறையில் இருக்கிற தேவர்களை விட்டுவிடு, போர் வேண்டாம்" என்று எதிரி சபைக்கே போய்ச் சொல்ல வைக்கிறார். சூரனுக்கு எது வரப்போகிறது என்று தெரியும், யார் அனுப்பப் போகிறார் என்று தெரியும், எதைச் செய்தால் வராது என்றும் தெரியும். இத்தனை வாசல் திறந்து வைத்து எல்லாம் மூடின பிறகுதான் வேல் கிளம்புகிறது. கடைசியில் மாமரமாக நின்றவனை இரண்டாகப் பிளந்து மயிலும் சேவலுமாக ஏற்றுக்கொள்கிறார். எதிரியை வாகனமாக்கிக்கொண்ட ஆயுதம் வேறு எங்கே இருக்கிறது? (எங்க மாமா இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். தோட்டத்தில் சோளம் போட்டால் மயில் கூட்டம் வந்து பாதியைத் தின்றுவிடும். "சூரன் திருந்துனான்னு யாரு சொன்னது மாப்ள? இன்னும் என்ற காட்டுலதான் மேயறான்" என்பார். ஆனாலும் மருந்து வைக்க மாட்டார்.)

நம்ம கொங்குச் சாமிகளையும் பாருங்க. பழனியில் மூலவர் கையில் இருப்பது தண்டம். மருதமலையிலும் அதே கோலம். வலது கையில் தண்டம், இடது கை இடுப்பில். அந்த இடுப்பில் ஒரு கோவணம் தவிர ஒளித்து வைக்க எதுவும் கிடையாது. போன மாசம் மருதமலையில் வரிசையில் நின்றபோது இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக எனக்கு உறுத்துவது ஆயுதம் இல்லை, ஒளித்தல். ஒளித்த ஆயுதத்தைப் பற்றி நம்ம முன்னோர் நிறையவே யோசித்திருக்கிறார்கள். கும்பிடுகிற கைக்குள்ளேயும் ஆயுதம் ஒளிந்திருக்கும், ஏமாறாதே என்று வள்ளுவர் கூடாநட்பு அதிகாரத்தில் எச்சரிக்கிறார், 828-வது குறள். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன் அடியார் வேஷம் போட்டு, சுவடிக் கட்டுக்குள் கத்தியை வைத்துக்கொண்டு வருகிறான். 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் பிரார்த்தனைக்கு நடந்து வந்த காந்தியின் முன்னால் நின்றவன் கையில் இருந்ததும் பாக்கெட்டில் அடங்குகிற ஒரு பெரெட்டா பிஸ்டல்தான்.

இதை மச்சானிடம் சொன்னேன். கோபப்படவில்லை, ஆனால் விடவும் இல்லை. "அவங்க கொல்லறதுக்கு ஒளிச்சாங்க. நான் யாரையும் பயமுறுத்தக் கூடாதுன்னு ஒளிக்கறேன். வெளிய தெரியற மாதிரி தொங்கவிட்டுட்டு கடைக்குப் போனா குழந்தைங்க பயப்படும். மறைக்கறது மரியாதை மச்சா." நியாயமான பதில். நம்ம 2016 விதியும் அதே காரணத்துக்காகத்தான் மூடச் சொல்கிறது என்று நினைக்கிறேன். இன்னொன்றும் சொன்னார்: இடுப்பில் அது வந்ததிலிருந்து ரோட்டில் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை, ஹார்ன் அடிப்பதுகூடக் குறைந்துவிட்டது. கோபம் வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்கிறதாம். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். துப்பாக்கி ஒருத்தரைப் பணிவாக்கவும் செய்யும்.

ஆனால் அடுத்ததாக அவரே சொன்னது: "எங்க போனாலும் வாசலைப் பாக்கற மாதிரி உக்காருவேன். யாரு உள்ள வந்தாலும் முகத்துக்கு முன்னாடி கையைத்தான் பாக்கறேன். பழகிப் போச்சு."

முகத்துக்கு முன்னாடி கை. அங்கேதான் எனக்கு நெஞ்சு கனத்தது. திருடன் வருவது ஆயுசில் ஒருநாள், வராமலும் போகலாம். இந்தப் பார்வை தினம் தினம் இருக்கிறது, பால்காரரிடமும் கூட வேலை செய்கிறவரிடமும் பிரசாதம் கொடுக்கிறவரிடமும். வேல் நாலு பேர் கண்ணுக்குத் தெரிந்து, வருகிறவனை யோசிக்க வைக்கிறது. ஒளித்து வைத்த பிஸ்டல் யாருக்கும் தெரியாது, யாரையும் எச்சரிக்காது. அது இருப்பது தெரிந்த ஒரே ஆள் வைத்திருக்கிறவர்தான். அதனால் எடுக்காத வரைக்கும் அது வேலை செய்வது அவர் ஒருத்தர் மனசுக்குள் மட்டும்தான்.

கோயம்புத்தூருக்கு இந்தப் பார்வை புதுசில்லை. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் இந்த ஊர் ஒருத்தரை ஒருத்தர் பையைப் பார்த்து, தாடியைப் பார்த்து, நெற்றியைப் பார்த்து எடை போட்டது. எங்க போத்தனூர் ரயில்வே ஊர். ஜங்ஷனைச் சுற்றிப் பல மதத்துக்காரரும் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். அந்தப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதற்கு எத்தனை வருஷம் ஆச்சு என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க. இடுப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு தெருவில் நடக்கிற பையன் யாரைப் பார்த்து அதன் மேல் கை வைப்பான்? இதை யோசிக்காமல் "தற்காப்பு" என்று மட்டும் பேசுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அதைவிட, பெரும்பாலும் ஆபத்து வெளியிலிருந்து வருவதும் இல்லை. நம்ம தமிழ்நாட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த கதை இருக்கிறது. 1967 ஜனவரி 12, சென்னை ராமாவரம் தோட்டம். எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைப் பார்க்கப் போகிறார். ரெண்டு பேரும் எத்தனையோ படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு, ராதா உடம்பிலும் குண்டு. என்ன பேச்சு நடந்தது என்பதை இன்றைக்கும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். நீதிமன்றம் ராதாவைத்தான் தண்டித்தது. ரெண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள், எம்.ஜி.ஆருடைய குரல் மட்டும் பழையபடி திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தவரை, இனி பேசுவாரா நடிப்பாரா என்றே தெரியாத நேரத்தில், நம்ம கோவை சாண்டோ சின்னப்பா தேவர் போய்ப் பார்த்து அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தார் என்று சொல்வார்கள். மருதமலை முருகனுக்கு அள்ளிக் கொடுத்த அதே தேவர்தான்.

அன்றைக்கு அந்த அறைக்குள் திருடன் யாரும் வரவில்லை. தெரிந்தவர்கள், வாக்குவாதம், அவ்வளவுதான். கையில் எதுவும் இல்லாமல் இருந்திருந்தால் ஒருத்தர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருப்பார். மூணு மாசம் பேசாமல் இருந்திருப்பார்கள். நம்ம வீடுகளில் பங்காளிச் சண்டை எத்தனை, வரப்புச் சண்டை எத்தனை! அன்னைக்கு ராத்திரி கையில் கிடைப்பது எதுவோ அதை வைத்துத்தான் கோபம் முடிகிறது.

கோபம் மட்டுமா? அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டவர்கள். தலையணைக்குக் கீழே இருப்பது திருடன் வருகிற ராத்திரிக்கு மட்டும் காத்திருப்பதில்லை. மனசு உடைந்துபோன ராத்திரியிலும் அங்கேயேதான் இருக்கும். கடன், நோய், தனிமை என்று வயதானவர்கள் தனியாக இருக்கிற சாளைகளைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். (இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு ராத்திரி வந்தால் 104-க்குக் கூப்பிடுங்க. எனக்கும் மெசேஜ் பண்ணலாம். நேரம் பார்க்க வேண்டாம்.)

மச்சான் சொல்லி, மாமா பிஸ்டல் லைசன்ஸுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்துவிட்டார். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. எழுபது வயசுக்காரர், பொண்டாட்டியைக் காப்பாற்ற ஒரு வழி தேடுகிறார். அதில் கேலி பண்ண என்ன இருக்கிறது? ஆனால் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "ஏனுங், ராத்திரி கண்ணாடி இல்லாம உங்களுக்குக் கொய்யா மரமும் ஆளும் ஒண்ணாத்தான தெரியும்? பேரன் லீவுக்கு வந்து பாத்ரூமுக்கு எந்திரிச்சா? துப்பாக்கி இருக்கற ஊடுன்னு வெளிய தெரிஞ்சா, நகைக்கு வரமாட்டான், அதுக்குன்னே வருவான்" என்றார். மாமா பதில் சொல்லவில்லை. வாங்குவதற்கான காரணம் எழுதுகிற இடத்தை மட்டும் நிரப்பாமல் படிவத்தை மடித்து பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நிரப்பினாலும் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணைப் பரிசோதிக்கவும் முறையான பயிற்சிக்கும் நானே கூட்டிப்போவேன், இரும்புப் பெட்டியும் வாங்கிக் கொடுப்பேன்.

தம்பி, உங்க கேள்விக்கு நான் சொல்வது இதுதான். உங்க அப்புச்சி சாளைக்கு நிஜமான மிரட்டல் இருந்து, வேறு வழி இல்லாமல், சட்டப்படி ஒன்று வாங்கிப் பூட்டி வைத்தால் முருகன் கோவிக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை இடுப்பில் சொருகிக்கொண்டு பல்லடம் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் நிற்பதை வேலோடு சேர்க்காதீங்க. பிஸ்டல் படத்துக்குப் பக்கத்தில் வேல் படம் போட்டு ஸ்டேட்டஸ் வைப்பதை நம்ம குழுவில் இனி அனுமதிப்பதாகவும் இல்லை. கந்தசஷ்டி கவசத்தை அரங்கேற்றினது நம்ம சென்னிமலையில் என்பார்கள். தினம் சொல்கிறோம். அதுக்குப் பேரு கவசம். உடம்பில் ஒவ்வொரு இடமாகச் சொல்லி, காக்கச் சொல்லிக் கேட்கிறோம். யாரையும் சுட வரம் கேட்கவில்லை.

காப்பது என்பது அத்தை விஷயத்தில் என்ன என்று யோசித்தோம். கேமரா ரெண்டு போட்டாச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு ஒரு வாட்ஸ்அப் குழு. நாய் தொடர்ந்து குரைத்தால் போன் வேண்டாம், மணி அடித்தால் போதும் என்று ஏற்பாடு. கோயில் மணி ஒன்று திண்ணையில் தொங்குகிறது. மணிச் சத்தம் கேட்டால் நாலு சாளையிலும் லைட் எரிகிறது, ரெண்டு தடவை சோதித்துப் பார்த்தோம். ரோந்து போலீஸ் கையெழுத்துப் போடுகிற நோட்டும் மாட்டியிருக்கிறது. அத்தை இப்போ ஒன்பதரைக்குத்தான் கதவு சாத்துகிறார்.

வருகிற கிருத்திகை அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போத்தனூரிலிருந்து கிளம்பி செட்டிபாளையம் பக்கம் தனியாக இருக்கிற பெரியவர்களின் சாளைகளுக்குப் போகிறோம். ஒவ்வொரு சாளையிலும் கவசம் சொல்லிவிட்டு, பெரியவர்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, அவங்க போனில் நம்ம நம்பர்களைப் பதிந்து கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம். பல்லடம் தம்பி அவங்க ஊர்ப் பக்கம் அடுத்த கிருத்திகைக்கு ஏற்பாடு பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் பெயர் கொடுங்க, டார்ச் லைட் கொண்டு வாங்க, வரப்பில் பாம்பு இருக்கும். அத்தை கச்சாயம் சுடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!